அழாத பிள்ளையின் அம்மா

மைசூர் அக்ரஹாரத்தில், கோயில் சந்துக்குப் பின்புறம், மல்லம்மாவின் வீட்டில் ஐந்து குடித்தனங்கள் இருந்தன. நடுவில் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு குழாய், பக்கத்தில் ஒரு துவைக்கிற கல். சுவர்கள் பேருக்குத்தான் சுவர்கள். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். இந்த ஐந்தில் கடைசிக் குடித்தனம் பூங்குழலியுடையது. 1993-ஆம் வருடம் அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை இருந்தது. அது அழாது.

அழாது என்றால் நிஜமாகவே அழாது. விளக்கு வைத்த சிறிது நேரத்தில் கண்ணை மூடினால் விடிந்துதான் திறக்கும். பகலிலும் தூளியில் போட்டது போட்டபடி கிடக்கும். முற்றத்துக் குழாயடியில் இதைப் பற்றிப் பேச்சு வராத நாளில்லை. தங்கமான பிள்ளை என்றார்கள். பெற்றவள் போன பிறவியில் புண்ணியம் செய்தவள் என்றார்கள். ஒரு பிள்ளை சத்தம் போடாமல் கிடப்பதற்காக அதன் அம்மாவைப் பாராட்டுகிறவர்கள் உண்மையில் தங்கள் தூக்கத்தைத்தான் பாராட்டிக்கொள்கிறார்கள். அது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. பூங்குழலிக்கும் தோன்றவில்லை. அவள் பாராட்டை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு அந்தப் பாராட்டு தேவையாகவும் இருந்தது. வீடு பார்க்க வந்த அன்று மல்லம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தன் கன்னடம் கலந்த தமிழில் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாள்.

"நோடு, நீங்க எந்த ஊரோ, என்ன சமைக்கிறீங்களோ, எனக்கு அதெல்லாம் பேடா, வேண்டாம். கைக்குழந்தை அழுதா மட்டும் எனக்கு ஆகாது. முன்னாடி இருந்த லிங்கப்பன் வீட்டு மகு ராத்திரி பூரா அழும். எனக்குத் தலை ரெண்டாப் போச்சு. காலி பண்ணச் சொல்லிட்டேன்."

பூங்குழலி அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். சேலைத் தலைப்பை இழுத்து முன்னால் விட்டுக்கொண்டு, சரிங்க என்று தலையாட்டினாள். பிள்ளை பிறந்த பிறகு மல்லம்மா சண்டைக்கு வரவில்லை, பார்க்கத்தான் வந்தாள். ஆனால் அந்தக் கண்டிஷன் பூங்குழலியின் வயிற்றில் பிள்ளையோடு சேர்ந்தே வளர்ந்திருந்தது.

அவள் ஊர் கோபிநத்தம். காவிரிக்கும் காட்டுக்கும் நடுவே இருக்கிற ஊர். புருஷன் ரத்தினசாமிக்குப் பக்கத்து ஊர். நஞ்சன்கூட்டில் ஒரு நூல் ஆலையில் வேலை. விடியுமுன் எழுந்து முதல் ஷிப்டுக்கு ஓட வேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் அந்த வருடம் ஒரு கடத்தல்காரனைத் தேடிக் காட்டுப் பக்கம் போலீஸ் கெடுபிடி. பஸ் போனால் உண்டு, போகாவிட்டால் இல்லை. நிறைமாதக்காரியை வழியில் இறக்கிச் சோதனை போட்டால் என்ன செய்வது என்று ரத்தினசாமி பயந்துவிட்டான். பிரசவம் மைசூரிலேயே நடந்தது. அம்மா வர முடியவில்லை. பஸ் கண்டக்டர் ஒருவர் கையில் ஒரு துணி மூட்டையைக் கொடுத்தனுப்பினாள். பழம்புடவைத் துண்டுகள், ஒரு உரைகல், ஒரு ஜாதிக்காய், கடுக்காய், மாசிக்காய், விளக்கில் சுட்ட வசம்பு.

பிள்ளைக்கு வைஷாலி என்று பெயர் வைத்தார்கள். ஆலையில் சூப்பர்வைசர் மகளுக்கு அந்தப் பெயர். ரத்தினசாமிக்கு அது பிடித்துப்போய்விட்டது. பூங்குழலி பாப்பா என்றுதான் கூப்பிட்டாள்.

மூட்டையில் வந்ததைப் பூங்குழலி வீணாக்கவில்லை. தினமும் சாயங்காலம் கல்லில் கொஞ்சம் தாய்ப்பால் விட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று உரைத்து, விரலால் எடுத்துப் பிள்ளையின் நாக்கில் தடவுவாள். உரைமருந்து. அவள் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அதை நக்கித்தான் வளர்ந்தன. அவளும்தான். பிள்ளை நன்றாகத் தூங்கியது. தூங்கியதைப் பார்த்து ஜாதிக்காயை மட்டும் இன்னும் இரண்டு சுற்று கூட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் மல்லம்மாவின் இருமல் கேட்கும்போதெல்லாம் கை தானாக இன்னொரு சுற்றுச் சுற்றும்.

குளிப்பாட்டுவதற்குச் சித்தம்மா வருவாள். பிரசவமான வீடுகளுக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதுதான் அவள் பிழைப்பு. கால்களை நீட்டி உட்கார்ந்து பிள்ளையை முழங்காலில் குப்புறப் போட்டு வெந்நீரை ஊற்றினாள் என்றால் பிள்ளை இருக்கிற தெம்பையெல்லாம் விட்டுவிட்டு வாழைத்தண்டாகக் கிடக்கும். துடைத்து, சாம்பிராணிப் புகை காட்டி, துணியில் இறுக்கிச் சுற்றிவிட்டு, "இனி நீ போ" என்று பூங்குழலியைக் குளிக்க அனுப்புவாள். பூங்குழலி தலைமுழுகிவிட்டு வரும்போது பிள்ளை தூளியில் இருக்கும். சித்தம்மா வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பாள்.

"என் கை பட்டா மகு எப்படித் தூங்குது பாத்தியா?" என்பாள்.

பூங்குழலி சிரித்துக்கொள்வாள். பிள்ளை தூங்குவது தன் உரைமருந்தால் என்பது அவள் கணக்கு. ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். பிள்ளைக்கு என்ன உரைத்துக் கொடுக்கிறோம் என்று அடுத்தவரிடம் சொல்லும் வழக்கம் அவள் பக்கத்தில் கிடையாது, கண் பட்டுவிடும். வசம்பைப் பொழுது சாய்ந்தபின் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார்கள். பேர் சொல்லாதது என்றுதான் சொல்வார்கள்.

பிள்ளை தூங்கினால் அவளுக்கு வேலையும் ஓடியது. அக்ரஹாரத்துப் பெண்கள் பலரைப் போல அவளும் வீட்டில் ஊதுபத்தி உருட்டினாள். கரித்தூளும் பிசினும் கலந்த மாவைப் பலகையில் வைத்துக் குச்சியில் உருட்டி உருட்டி, கை முழங்கை வரை கறுப்பாக இருக்கும். பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டுமானால் எழுந்து, சோப்புப் போட்டு, நகக்கண்ணெல்லாம் தேய்த்துக் கழுவ வேண்டும். திரும்பி வந்து உட்காரும்போது மாவு காய்ந்திருக்கும். பிள்ளை கூப்பிடாத வரை அந்தத் தொல்லை இல்லை. தூளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த குச்சியை எடுப்பாள்.

முதல் வாரங்களில் விடியும்போது மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டிருக்கும். ரவிக்கை நனைந்து ஒட்டும். பிள்ளை எழுந்திருக்காது. வலி தாங்காமல் பாலை ஒரு டம்ளரில் பீய்ச்சி, கால் படாத இடத்தில் ஊற்ற வேண்டும் என்பதால் சுவரோரத்துச் செம்பருத்திக்கு ஊற்றினாள். பிறகு மெல்ல மெல்ல அந்த வலி குறைந்தது. மார்பு இலேசானது. நல்லதாகப் போயிற்று என்றே நினைத்தாள்.

ஒன்றரை மாதத்தில் முதல் தடுப்பூசி. மாநகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிள்ளையைத் தராசில் போட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அடுத்த ஊசிக்குப் போனபோது அதே நர்ஸ் பிள்ளையை இரண்டு தடவை தராசில் போட்டாள். பிறகு பேசாமல் தூக்கிக்கொண்டு லேடி டாக்டரிடம் போனாள். ஒரு மாதத்தில் பிள்ளை ஏறியது ஒரு பிடி அரிசி எடைகூட இருக்காது. சட்டையைக் கழற்றிப் பார்த்தபோது தொடையில் தோல் மடிந்து தொங்கியது. பூங்குழலி தினமும் பார்க்கிற தொடைதான். ஆனால் அந்த வெளிச்சத்தில், அந்த மேஜைமேல் பார்த்தபோது அவள் முந்தானையால் அதை மூடப் பார்த்தாள்.

டாக்டருக்குத் தமிழ் ஓரளவு வரும். "எத்தனை தடவை பால் கொடுக்கறீங்க?" என்று கேட்டார்.

"கேக்கறப்பல்லாம் குடுக்கறனுங்க."

"ராத்திரி?"

"ராத்திரி எந்திரிக்கவே மாட்டாளுங்க. படுத்தா விடிஞ்சுதானுங்க." அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. குழாயடியில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

"பகல்ல?"

"பகல்லயும் தொந்தரவு இல்லீங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "கேக்கும்போது கொடுக்கறேன்னு சொல்றீங்க. சரி. உங்க பாப்பா கேக்கறாளா?"

 பிள்ளை கடைசியாக எப்போது பாலுக்கு அழுதது என்று பூங்குழலி யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

"பால் குறைஞ்சிருந்தா, அது குடிக்காததால குறைஞ்சுது. குடிச்சா வரும். குழந்தை எழுந்திருக்கலைன்னா நீங்க எழுப்பிக் கொடுக்கணும். ராத்திரியும் எழுப்பணும். ரெண்டு வாரம் பார்ப்போம். எடை ஏறலைன்னா ஆஸ்பத்திரியில சேர்த்துத்தான் பார்க்கணும்." எழுந்திருக்கப் போனவளை டாக்டர் நிறுத்தினார். "வேற ஏதாவது கொடுக்கறீங்களா? தண்ணி, கிரைப் வாட்டர், மருந்து?"

"ஒண்ணுமில்லீங்க. தாய்ப்பால் மட்டுந்தானுங்க."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் கொடுமை. உரைமருந்து என்ற பெயரில் மருந்து இருக்கிறதே தவிர, அவள் மனசில் அது மருந்தே இல்லை. பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பது, மை வைப்பது, சுற்றிப்போடுவது, நாக்கில் தடவுவது எல்லாம் ஒரே வரிசை. மை வைக்கிறாயா என்று கேட்டால் மருந்து கொடுக்கிறேன் என்றா ஒருத்தி சொல்வாள்?

வீட்டுக்கு வந்து பிள்ளையை எழுப்ப ஆரம்பித்தாள். ஈரத்துணியால் உள்ளங்காலைத் துடைத்தாள். காது மடலைத் தேய்த்தாள். சட்டையைக் கழற்றி விட்டாள். பிள்ளை அரைக்கண்ணைத் திறந்து, நாலு வாய் இழுத்து, காம்பை வாயில் வைத்தபடியே மறுபடி போய்விடும். கன்னத்தைத் தட்டினால் முகத்தைச் சுளிக்கும், அவ்வளவுதான். மார்பிலிருந்து வழிந்த பால் பிள்ளையின் கழுத்தில் ஓடி வீணாகும். அவளுக்குக் கோபம் வரும். குடியேன்டி என்று உலுக்குவாள். உலுக்கியதற்காக உடனே மார்போடு அணைத்துக்கொள்வாள்.

இதைக் கதவு வழியாகப் பார்த்த மல்லம்மா உள்ளேயே வந்துவிட்டாள். "தூங்கற மகுவை எழுப்பறியே, பாவம் சுத்திக்கும் கணே! டாக்டருக்கு என்ன தெரியும்? உனக்குப் பாலில்லே. அதைச் சொல்ல வெக்கப்பட்டுட்டு மகுவைப் போட்டுப் படுத்தறே."

உனக்குப் பாலில்லை. இந்தச் சொல் பூங்குழலியை அறைந்தது. முற்றத்தில் நாலு பேர் காதில் விழும்படி வேறு மல்லம்மா சொல்லியிருந்தாள். அன்று சாயங்காலம் ரத்தினசாமி வேலை முடிந்து வரும்போது கையில் ஒரு பால் பவுடர் டப்பாவும் ரப்பர் போட்ட பாட்டிலும் இருந்தன.

"மாமா, இது எதுக்குங்க?"

"எதுக்குன்னா? பொட்டப்புள்ள தோலும் எலும்புமாக் கெடக்குது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நா என்ன பண்ணுவேன்? உன்னயக் குத்தஞ் சொல்லல புள்ள. வந்தா வருது, வரலீன்னா வரல. அதுக்கென்ன பண்ண முடியும்?"

அவன் நல்லவன்தான். பயந்துபோனவன், அவ்வளவுதான். நல்லவன் சொல்லும்போது அது இன்னும் அதிகமாகவே வலித்தது. "டாக்டரம்மா சொன்ன நாள் வரைக்கும் பொறுங்க" என்று டப்பாவைப் பிரிக்காமல் மேலே வைத்துவிட்டாள். பொறுக்கச் சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே நம்பிக்கை போய்விட்டிருந்தது. பாலில்லாதவள் என்று தன்னைத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அன்றும் விளக்கு வைத்ததும் மறக்காமல் கல்லை எடுத்து உரைத்தாள். பிள்ளைக்குச் செரிமானம் ஆகட்டும், உடம்பு தேறட்டும் என்று.

அதற்கு அடுத்த வாரம் சித்தம்மா வலதுகைக் கட்டைவிரலில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். வேறொரு வீட்டில் வெந்நீர் அண்டாவில் பட்டுக் கொப்பளித்துவிட்டதாம். எப்படியோ நாலு விரலால் பிள்ளையைக் குளிப்பாட்டி முடித்தாள். புகையும் காட்டினாள். வழக்கம்போல பூங்குழலி துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கக் கிளம்பினாள்.

"ஏ, கொஞ்சம் இரு கண்ணே. விரல் எரியுது. இதை மட்டும் தேய்ச்சுக் குடுத்துட்டுப் போ."

சித்தம்மா இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப் பையை அவிழ்த்துத் தரையில் கொட்டினாள். ஒரு சின்ன உரைகல். ஒரு துண்டு வசம்பு. ஒரு ஜாதிக்காய். பாதிக்குமேல் தேய்ந்துபோன ஜாதிக்காய்.

பூங்குழலி துண்டோடு அப்படியே நின்றாள். "இது யாருக்குங்க?"

"யாருக்கா? மகுவுக்குத்தான். உன் மகுவுக்கு."

"என்னைக்கிருந்து குடுக்கறீங்க?"

"குளிப்பாட்ட வந்த முதல் நாள்ல இருந்து. பின்ன, சும்மாவா இப்படித் தூங்குது? தண்ணி விட்டு நல்லா அழுத்தித் தேய்."

பூங்குழலி உள்ளே போனாள். மாடத்திலிருந்து தன் மூட்டையை எடுத்து வந்து சித்தம்மாவின் பைக்குப் பக்கத்தில் பிரித்தாள். அதிலும் ஒரு கல், ஒரு வசம்பு, ஒரு ஜாதிக்காய். அதுவும் பாதிக்குமேல் தேய்ந்திருந்தது. இரண்டு பெண்களும் தரையில் கிடந்த இரண்டு ஜாதிக்காய்களையும் பார்த்தார்கள். காலையில் ஒருத்தி, சாயங்காலம் ஒருத்தி. இரண்டு பேருமே பிள்ளை தூங்குவது தன் கைராசி என்று இரண்டு மாதமாக உள்ளூரப் பூரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிள்ளைக்கு ஒரு மயக்கம் தெளியுமுன் அடுத்த மயக்கம் நாக்கில் ஏறியிருக்கிறது. பசி எடுத்தால் அல்லவா அழும்? பசியும் அதோடு சேர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?" பூங்குழலி சித்தம்மாவின் கல்லைத் தள்ளிவிட்டாள். "பெத்தவகிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும்னு தோணலயா உங்களுக்கு?"

சித்தம்மா சும்மா இருப்பவள் இல்லை. "நான் தொட்டு எடுத்த மகு இந்த அக்ரஹாரத்துல எத்தனை தெரியுமா? ஒண்ணாவது குறைஞ்சுதா? எங்க வீட்டுல எல்லாரும் கொடுக்கறதுதான்" என்று கத்தினாள். கத்திவிட்டுக் குரலை இறக்கி, "நீ எங்கிட்டச் சொன்னியா?" என்று கேட்டாள்.

 கோபத்தை யார் மேல் எறிவது என்று தெரியாமல் பூங்குழலி துண்டைத் தரையில் எறிந்தாள். சித்தம்மா தன் பையைக் கட்டிக்கொள்ளாமலே எழுந்து போனாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, தூளியில் பிள்ளையின் மூக்கருகில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

பூங்குழலி குளிக்கவில்லை. எண்ணெய்த் தலையோடு, இரண்டு ஜாதிக்காயையும் முந்தானையில் முடிந்துகொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.   டாக்டரின் மேஜைமேல் முடிச்சை அவிழ்த்து வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

டாக்டர் முதலில் பிள்ளையைத்தான் பார்த்தார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், வாயில் விரலை வைத்துச் சப்புகிறதா என்று பார்த்தார். பிறகுதான் நிமிர்ந்தார். "நான் இதைத்தானேம்மா கேட்டேன் அன்னைக்கு?"

"இத மருந்துன்னு நெனக்கலீங்க."

டாக்டருக்குத் திட்டத்தான் வாய் வந்தது. எண்ணெய் வழிய நின்றவளைப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டார். ஜாதிக்காய் பெரியவர்களுக்கே அளவு மீறினால் ஆகாது, இந்தச் சின்ன உடம்புக்கு ஆகவே ஆகாது, இனி தாய்ப்பாலைத் தவிர எதுவும் நாக்கில் படக்கூடாது என்றார். மயக்கம் தெளியும்வரை எழுப்பி எழுப்பிக் கொடுக்கச் சொன்னார். இழுக்கவே முடியாமல் துவண்டால் எந்த நேரமானாலும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்துத் தராசு நல்லதாகவே சொன்னது. நர்ஸ் இந்தத் தடவை உதட்டைப் பிதுக்கவில்லை. பால் பவுடர் டப்பாவை ரத்தினசாமி சத்தம் காட்டாமல் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். சித்தம்மாவும் சில நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்துவிட்டு மறுபடி வர ஆரம்பித்தாள். குளிப்பாட்டுவாள், புகை காட்டுவாள், மற்றதற்குக் கை நீட்டமாட்டாள். ஆனால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பது பூங்குழலிக்குத் தராசு சொல்லித் தெரியவில்லை. அதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த இரண்டு நாளும் அவள் ஊதுபத்திப் பலகையைத் தொடவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எழுப்புவதும் கொடுப்பதுமாகவே இருந்தாள். பிள்ளை முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாக இழுத்தது. அதிகமில்லை. இரண்டாவது நாள் மத்தியானம், சேர்ந்துபோன துணியை அலசிப்போடலாம் என்று பிள்ளையைத் தூளியில் விட்டுவிட்டுக் குழாயடிக்கு வந்தாள். மல்லம்மா நிழலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பாலில்லை என்று சொன்ன நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

குழாய் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. துணியைப் பிழியும்போது எங்கேயோ ஒரு பிள்ளை கத்துவது கேட்டது. சாதாரணக் கத்தல் இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்த கத்தல், மூச்சு நின்றுபோகிற அளவுக்கு நீண்டு, ஒரு நிமிஷம் நின்று, முன்னைவிட ஆத்திரமாக மறுபடி ஆரம்பித்தது. எந்த வீட்டுக்காவது விருந்தாளி வந்திருப்பார்கள் என்று நினைத்தாள். கேட்கப் பொறுக்கவில்லை அவளுக்கு. மனசு ஏற்கெனவே நொந்திருந்ததால் கோபமும் வந்தது. பேச்சில்லை என்பதையும் மறந்து மல்லம்மாவிடம் கேட்டாள்.

"யாரு வூட்டுப் பாப்பாங்க இது? இந்தக் கத்துக் கத்துது. பெத்தவ எங்க போய்த் தொலஞ்சா?"

மல்லம்மா புடைப்பதை நிறுத்தினாள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். 

"உன் மகு கணே" என்றாள். "உன் வீட்டுல இருந்துதான் வருது. போ."

பூங்குழலி நம்பவில்லை. பிறந்த புதிதில் பூனைக்குட்டி மாதிரி ஒரு கீச்சுக்குரல் இருந்தது. அது ஒன்றுதான் அவள் அறிந்த குரல். இது அது இல்லை. பிறகு தூளி ஆடுவது திறந்த கதவு வழியே தெரிந்தது. ஈரத்துணி கையிலிருந்து விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. ஓடினாள். வாசற்படி தாண்டுவதற்குள் ரவிக்கையின் இரண்டு பக்கமும் நனைந்துவிட்டன.

பிள்ளை முகமெல்லாம் சிவந்து, கை கால்களை உதைத்து, துணிக்கட்டை அவிழ்த்து எறிந்திருந்தது. எடுத்து மடியில் போட்ட மாத்திரத்தில் தலையை இரண்டு பக்கமும் ஆட்டித் தேடியது. கவ்வியபோது வலித்தது. இத்தனை நாளில் அப்படி வலித்ததே இல்லை. பிள்ளை மடக் மடக்கென்று விழுங்கியது. பூங்குழலி சுவரில் சாய்ந்து அழுதாள். தன் வயிற்றில் பிறந்த பிள்ளையின் குரல் தனக்கே தெரியாமல் போயிருந்தது என்ற வெட்கத்திலும், அந்தக் குரல் இவ்வளவு பலமாக இருக்கிறதே என்ற சந்தோஷத்திலும் அழுதாள். எது எவ்வளவு என்று அவளால் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

ஒரு பக்கம் தீர்ந்ததும் பிள்ளை வாயை எடுத்துவிட்டு மறுபடி கத்தியது. இந்தத் தடவை அது யாருடைய குரல் என்று பூங்குழலி யாரையும் கேட்கவில்லை. பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.